இரண்டாக ஓடிய பந்து

தொண்ணூற்றொன்பதாம் வருடத்து ஐப்பசித் துலாமழையில் இடி விழுந்து தங்கையன் வீட்டு டி.வி. போய்விட்டது. பிளக்கைப் பிடுங்கி வைக்க யாருக்கும் நினைவில்லை. அப்போது அவர் திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் வலது கண்ணில் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். மனைவி சரசம்மா கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துக் கிடந்தாள். ஆரியங்கோட்டில் பூட்டிக் கிடந்த வீட்டுக்குள்தான் இடி இறங்கியது.

தங்கையன் நெய்யாற்றின்கரை டிப்போவில் அரசு பஸ் டிரைவர். ஐம்பதை எட்டப்போகிற வயது. முந்தைய வருடம் ஒற்றசேகரமங்கலம் வளைவில் லாரி ஒன்றுக்கு வழி விட்டு ஓரம் ஒதுங்கியபோது, காற்றில் ஆடிய ரப்பர் கிளை ஜன்னல் வழியாக உள்ளே வந்து கண்ணில் அடித்தது. பஸ்ஸை நிறுத்திவிட்டுத்தான் கண்ணைப் பொத்தினார். கண் பிழைத்தது. ஆனால் மாதங்கள் போகப்போக அதில் பால் படர்ந்தது. மரத்தின் இலைகள் மறைந்தன, பிறகு மரமே மறைந்தது. லீவில் போகச் சொன்னார்கள். அறுவை செய்து உள்ளே லென்ஸ் வைத்து, கண்ணாடியும் போட்டபின் கண் சோதனையில் தேறினால் மறுபடியும் ஸ்டியரிங்கைப் பிடிக்கலாம். தேறாவிட்டால் டிப்போவுக்குள் ஏதாவது வேலை தருவார்கள்.

கட்டை அவிழ்த்த அன்று டாக்டர் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். கூடவே ஒன்று சொன்னார். பார்க்கிற பொருளின் பக்கத்தில் நிழல் விழுந்தாலோ, ஒன்று இரண்டாகத் தெரிந்தாலோ தாமதிக்காமல் வந்துவிட வேண்டும். தங்கையன் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் டி.வி. செத்துக் கிடந்தது. சரசம்மாவுக்கு அதைவிடப் பெரிய கவலை இன்னொன்று. டி.வி.க்குக் கீழே பலகையில் இருந்த களிப்பெட்டியைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்தாள். கருகின வாடை ஏதுமில்லை.

களிப்பெட்டி என்பது அந்த வீட்டார் வைத்த பெயர்; களி என்றால் அந்தப் பக்கத்தில் விளையாட்டு. சரசம்மாவின் தம்பி ஷைஜு துபாயிலிருந்து முதல் லீவில் வந்தபோது வாங்கி வந்த டி.வி. கேம். கறுப்பு நிறம், முன்பக்கம் மட்டும் மரம் போலத் தோற்றம். திருகுகிற குமிழ் இரண்டு வயரோடு வெளியே நீண்டிருக்கும். திரையின் மேலே வண்ண வண்ணச் செங்கல் வரிசை, கீழே ஒரு மட்டை, நடுவில் பறக்கிற பந்து. குமிழைத் திருகினால் மட்டை நகரும். பந்தைத் தட்டித் தட்டிச் செங்கற்களை உடைக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. பிள்ளைகள் இல்லாத வீடு அது. கேலி செய்ய ஆளில்லாததால் இருவரும் ஆளுக்கொரு குமிழைப் பிடித்துக்கொண்டு வருடக்கணக்காக விளையாடினார்கள். அங்கன்வாடி டீச்சரான சரசம்மா நாலு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவாள். தங்கையனுக்கு ஓய்வு நாள் என்றால் காப்பி குடித்ததும் ஆட்டம்தான். பெரும்பாலும் ஜெயிப்பது சரசம்மா.

டிசம்பரில் ஷைஜு லீவில் வந்தான். வாடகை ஜீப்பின் பின்னால் ஒரு பெரிய அட்டைப்பெட்டி. அதை இறக்க நான்கு பேர் வேண்டியிருந்தது. உள்ளே இருபத்தொன்பது இஞ்ச் டி.வி. பழைய டி.வி.யைப் போல முன்னால் புடைத்துக்கொண்டு நிற்காமல், கண்ணாடிப் பலகை மாதிரித் தட்டையாக இருந்தது அதன் முகம்.

"அத்தானுக்கக் கண்ணுக்கு வேண்டி வாங்கினதாக்கும்," என்றான் ஷைஜு. "சாதாரண டி.வி.யில படம் துடிச்சிக்கிட்டே இருக்கும். இதுல துடிப்பே கெடையாது. கடைக்காரன் சொன்னான், எவ்வளவு நேரம் பாத்தாலும் கண்ணு வலிக்காதாம்."

சரசம்மா திரையின் மேல் கையை வைத்துப் பார்த்தாள். "எலே, இதுல நம்ம களிப்பெட்டிய மாட்ட முடியுமா?"

ஷைஜு டி.வி.யின் முதுகுப் பக்கம் போய்ப் பார்த்தான். சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று பல துளைகள். களிப்பெட்டியின் வயரோ முனையில் இரண்டு வாலாகப் பிரிந்து, பழைய டி.வி.யின் திருகாணிகளில் முடுக்குகிற மாதிரி இருந்தது. புதியதில் திருகாணியே இல்லை.

"இது அந்தக் காலத்து சாதனம் அக்கா. இதுல பிடிக்காது. தூரக் களைஞ்சிரு. அடுத்த வரவுல புதுசு ஒண்ணு கொண்டு வாறேன்."

"வேணும்னா ஒன் டி.வி.ய நீ தூக்கிட்டுப் போ. பெட்டி இங்கதான் கெடக்கும்," என்றாள் சரசம்மா.

தங்கையன் சிரித்துவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

அடுத்த வீட்டுச் சத்தியதாஸை அழைத்தார்கள். அவர் ஜங்ஷனில் டி.வி. ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். வயரின் இரண்டு வாலையும் பார்த்துவிட்டுக் கடைக்குப் போய்க் கட்டைவிரல் அளவுள்ள ஒரு சாதனத்தை எடுத்து வந்தார். அதன் ஒரு பக்கம் இரண்டு திருகாணி, மறுபக்கம் உருண்டைப் பிளக். வால்களை முடுக்கி, பிளக்கை டி.வி.யின் ஆன்டெனாத் துளையில் செருகினார். பிறகு ரிமோட்டை வைத்துக்கொண்டு சேனல் சேனலாகத் தேடினார். திரை முழுக்கப் புள்ளி இரைந்தது. கறுப்புக் கோடுகள் சரிந்தன. ஒரு தடவை பாதிப் படம் வந்து கவிழ்ந்தது. கடைசியில், பழைய டி.வி.யில் உள்ளங்கை அகலத்தில் பார்த்துப் பழகிய செங்கல் வரிசை சுவர் மாதிரி அகலமாக வந்து நின்றது. சிவப்பு சிவப்பாகவே இருந்தது.

"படம் வந்தாச்சு," என்றார் சத்தியதாஸ். அவருக்கு வேறு இரண்டு வீட்டில் வேலை கிடந்தது. சாயா குடித்துவிட்டுக் கிளம்பினார். ஷைஜுவும் பாறசாலையில் இருந்த மனைவி வீட்டுக்குப் புறப்பட்டான். ஆட்டத்தைத் தொடங்கும்போது வீட்டில் தங்கையனும் சரசம்மாவும் மட்டும்தான்.

தங்கையன் குமிழைப் பிடித்துப் பொத்தானை அழுத்தினார். பந்து கிளம்பியது. கூடவே இன்னொரு பந்தும் கிளம்பியது.

அவர் கண்ணைச் சிமிட்டிப் பார்த்தார். ஒன்றை ஒட்டி மற்றொன்று, கொஞ்சம் பின்னால், கொஞ்சம் மங்கலாக. இரண்டும் சேர்ந்தே போய்ச் செங்கல்லில் மோதிச் சேர்ந்தே திரும்பின. எதைத் தட்டுவது என்று மட்டையை அங்குமிங்கும் ஆட்டினார். பந்து கீழே விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. கண்ணாடி இன்னும் வரவில்லை, அது வந்தால் சரியாகிவிடும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

"ஒனக்க மொறை," என்றார்.

சரசம்மாவும் சீக்கிரமே தோற்றாள். கண் தெரியாத மனுஷனை ஜெயிக்க வேண்டாம் என்று வேண்டுமென்றே விட்டுக்கொடுக்கிறாள் என்று தங்கையனுக்குப் பட்டது. அது அவரைக் குத்தியது.

"கைப்பழக்கம் போச்சு," என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து அடுக்களைக்குப் போனாள்.

கண்ணாடி வந்தது. டாக்டர் சுவரில் மாட்டியிருந்த எழுத்துகளைக் காட்டினார். அடிவரிசைப் பொடி எழுத்துவரை தங்கையன் தடுமாறாமல் வாசித்தார். டாக்டர் அவருடைய தோளில் தட்டினார். ஆரியங்கோட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அவர் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே வந்தார். பலசரக்குக் கடை, சர்ச் ஆண்டு விழா, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அட்சரம் பிசகாமல் தெரிந்தன.

மறுநாள் சரசம்மா அங்கன்வாடிக்குப் போனதும் கதவைச் சாத்திவிட்டு டி.வி.யைப் போட்டார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பந்தை விட்டார்.

இரண்டு பந்து. முன்பு மங்கலாகத் தெரிந்த இரண்டாவது, இப்போது கண்ணாடியில் பளிச்சென்று தெரிந்தது.

இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, அறுவை செய்த கண்ணால் மட்டும் பார்த்தார். இரண்டு. பிறகு வலது கண்ணைப் பொத்தி, எந்தக் குறையுமில்லாத இடது கண்ணால் பார்த்தார்.

அதிலும் இரண்டு.

ஒரு கண்ணில் அடிபட்டால் அதன் வாட்டம் மற்ற கண்ணுக்கும் போகும் என்று டிப்போவில் யாரோ எப்போதோ சொன்னது தங்கையனுக்கு நினைவுக்கு வந்தது. அடிபட்ட கண்ணைப் பற்றி மட்டுமே பயந்திருந்தார். நல்ல கண்ணும் போகிறதென்றால்?

குமிழைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். டாக்டர் காட்டிய எழுத்து ஒன்றாகத் தெரிந்தது. கடைப் பலகையும் ஒன்றாகத்தான் தெரிந்தது. பந்துகூட, ஆட்டம் தொடங்கும் முன் மட்டையின் மேல் நிற்கும்போது ஒன்றுதான். ஓடத் தொடங்கினால்தான் இரண்டாகிறது. அப்படியானால் நிற்கிற பொருளில் தன் கண்ணுக்குக் குறையில்லை, ஓடுகிற பொருளில்தான் குறை. டிரைவருக்கு முன்னால் நிற்கிற பொருள் எது? ரோட்டில் எல்லாமே ஓடுகிறவைதான்.

ஜங்ஷனில் போய் நின்று பார்த்தார். பஸ் ஒன்றாகத்தான் வந்தது. லாரியும் அப்படியே. ஆனால் பெரியவை எப்படியும் தெரியும், சின்னவை என்ன ஆகும் என்று எண்ணினார். பள்ளிக்கூடம் விட்டுக் குழந்தைகள் ஓடியபோது கூட்டத்தில் எது யாருடைய கால் என்று அவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பொழுது சாய்ந்ததும் வண்டிகளின் விளக்கைச் சுற்றி ஒரு வளையம் தெரிந்தது. அறுவை செய்த கண்ணில் சில மாதங்கள் அப்படி இருக்கும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அதெல்லாம் அப்போது நினைவுக்கு வரவில்லை. பயந்த மனம் எல்லாவற்றையும் ஒரே கணக்கில் சேர்த்தது.

வீட்டுக்கு வந்து ஒரு பாக்கைச் சுவரில் எறிந்து பார்த்தார். ஒன்றா இரண்டா என்று தீர்மானிப்பதற்குள் அது தரையில் கிடந்தது.

சரசம்மாவிடம் அவர் எதையும் சொல்லவில்லை. சொன்னால் அவள் அழமாட்டாள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போவாள். இரண்டு கண்ணும் போகிறது என்று டாக்டர் வாயால் கேட்க அவருக்குத் தைரியமில்லை. ஷைஜுவிடமும் சொல்ல முடியாது. கண்ணுக்காகவென்று அவன் சுமந்து வந்த டி.வி. அது. அதன் முன்னால் உட்கார்ந்துகொண்டு கண் போய்விட்டது என்று எப்படிச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை ஜெயதாஸ் வந்தார். தங்கையனோடு கள்ளிக்காடு ரூட்டில் வெகுகாலம் ஒன்றாகப் போன கண்டக்டர். வாசலில் ஏறும்போதே குரல் கொடுத்தார்.

"ஜனவரி முதல் வாரம் கண் டெஸ்டு வச்சிருக்கு கேட்டியளா அண்ணா! நம்ம ரூட்டுக்கு நெரந்தரமா வேற ஆளப் போடல்ல. ஒங்களுக்கு வேண்டி அப்படியே கெடக்கு. ஆபீஸ்ல கேட்டாச்சு. எழுத்து வாசிச்சுக் காட்டினாப் போதும்."

எழுத்து வாசித்தால் போதும். அது தங்கையனுக்கும் தெரியும். எழுத்து நிற்கும், அவர் வாசித்துவிடுவார். தேறியாச்சு என்று எழுதிக் கொடுப்பார்கள். மறுநாள் காலையில் அறுபது பேரை ஏற்றிக்கொண்டு அவர் வளைவுகளில் இறங்கிப் போகலாம். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை, ஏதாவது நடக்கிறவரை.

"ஜெயதாஸே, எனக்கு இனி ஓட்ட வேண்டாம். டிப்போவுக்குள்ள எதாவது வேலை தந்தாப் போதும்ணு ஆபீஸ்ல ஒண்ணு சொல்லிரு."

ஜெயதாஸ் சாயாக் கிளாஸைக் கீழே வைத்தார். "என்ன பேச்சு இது? கண்ணு சொகமாயிட்டுன்னு டாக்டரே சொன்னாருல்லா?"

"சொன்னாரு. எனக்கு மடுத்துப் போச்சு. அவ்வளவுதான்."

ஸ்டியரிங் பிடித்துச் சலித்துப்போகிற மனுஷன் அல்ல தங்கையன். அது ஜெயதாஸுக்குத் தெரியும், உள்ளே கதவோரம் நின்ற சரசம்மாவுக்கும் தெரியும். ஜெயதாஸ் எவ்வளவோ கேட்டும் அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. அவர் போன பிறகு சரசம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எங்கிட்டச் சொல்லாத காரியம் என்னவாக்கும்?"

"ஒண்ணுமில்ல சரசே."

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. அதுவே அவருக்கு வித்தியாசமாக இருந்தது. வழக்கமாக அவள் அவ்வளவு எளிதில் விடுகிறவள் அல்ல. ஏதோ சொல்ல வாயெடுத்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

அதன் பிறகு களிப்பெட்டியை இருவரும் தொடவில்லை. சாயங்காலம் செய்தி பார்த்தார்கள், சீரியல் பார்த்தார்கள். செய்தி வாசிக்கிறவர் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. சீரியலில் எல்லாரும் நின்று அழுதார்கள். டி.வி. அவற்றையெல்லாம் தெளிவாகக் காட்டியது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மதியம் சத்தியதாஸின் மனைவி செல்லபாய் ஒரு தூக்குப்பாத்திரம் நிறைய முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்குமாக வந்தாள். சர்ச் பாட்டுக் குழுவில் முன்வரிசைக்காரி. மெதுவாகப் பேசுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

"டி.வி. வந்து எவ்வளவு நாளாச்சு! எங்க வீட்டுக்காரரு தான் பிடிப்பிச்சுக் கொடுத்தாருன்னு பெருமை பேசிக்கிட்டு நடக்காரு. எனக்கு ஒரு களி தருவியளா?"

சரசம்மா தயங்கினாள். "பின்ன ஒரு நாளு வா செல்லபாயே."

"பின்ன எப்ப? நாளைக்கு எனக்கு மூச்சு விட நேரமில்ல. போடுங்க அண்ணா."

தங்கையனுக்கு மறுக்க வழியில்லை. டி.வி.யைப் போட்டுக் குமிழை அவள் கையில் கொடுத்துவிட்டு, திரையைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். சரசம்மாவும் பாத்திரத்தைக் காலி பண்ணுகிற சாக்கில் அந்தப் பக்கமே குனிந்திருந்தாள்.

செல்லபாய் பொத்தானை அழுத்தினாள். மறுநிமிஷமே கத்தினாள்.

"இது என்னவாக்கும்! பந்து ரெண்டாட்டுல்லா ஓடுது? எதைத் தட்ட?"

தங்கையன் திரும்பினார். சரசம்மாவின் கையிலிருந்த அச்சுமுறுக்கு நழுவி விழுந்து உடைந்தது.

"என்ன சொன்ன?" என்றார் தங்கையன்.

"பந்து ரெண்டு. பாருங்க, ஒண்ணு முன்னால, ஒண்ணு பின்னால. ஐயோ, விழுந்துட்டு. இப்படி ரெண்டு பந்து விட்டா யாரு களிப்பா?"

"ஒனக்கும் ரெண்டாட்டா தெரியுது?"

இந்தக் கேள்வியை இரண்டு பேர் ஒரே நேரத்தில் கேட்டார்கள். தங்கையன் மனைவியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள்.

"ஒனக்கும்னா?" என்றார் அவர் மெதுவாக. "சரசே, ஒனக்கு?"

"எனக்கு முதல் நாளே ரெண்டாட்டுத்தான் தெரிஞ்சது," என்றாள் சரசம்மா. "எனக்கும் கண்ணு போகுதுன்னு நெனச்சேன். ஒங்க டெஸ்டு முடியட்டும், அதுவரை சொல்லாண்டாம்னு இருந்தேன். நிங்க டெஸ்டே வேண்டாம்னு சொன்னப்ப எனக்கு ஒண்ணும் புரியல்ல. நிங்க ஏன் சொல்லல்ல?"

"நீ ஏன் சொல்லல்ல?"

"ஐயோ, நான் கேட்டதுக்கு யாராவது பதில் சொல்லுங்களேன்," என்றாள் செல்லபாய். "எதைத் தட்ட?"

தங்கையன் நாற்காலியில் உட்கார்ந்தார். முதலில் சிரிப்புத்தான் வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணாடிக்குக் கீழே நீர் வழிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் வழிந்தது. சரசம்மா அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போய்விட்டது மாதிரி இருந்தது அவருக்கு. வாரக்கணக்கில் அடக்கி வைத்திருந்த மூச்சு அப்போதுதான் முழுசாக உள்ளே போய் வெளியே வந்தது.

செல்லபாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கச் சொன்னதும் குமிழைக் கீழே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி, மதிலுக்கு மேலாகக் கூப்பிட்டாள். "இஞ்ச வாருங்க! நிங்க பிடிப்பிச்ச டி.வி. ரெண்டு மனுஷருக்க உயிரை எடுக்கப் பாத்திருக்கு!"

சத்தியதாஸ் சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். பந்தை ஓடவிட்டுப் பார்த்தார். "அன்னைக்கு நான் பந்தை விட்டுப் பாக்கவே இல்ல," என்று தலையைச் சொறிந்தார். வயரை அசைத்தார், பிளக்கைக் கழற்றிச் செருகினார். ஒரு மாற்றமும் இல்லை. டி.வி.யோடு வந்த புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். அது அரபியிலும் இங்கிலீஷிலும் இருந்தது. ரிமோட்டை அமுக்கி அமுக்கித் திரையில் பட்டியல் பட்டியலாக வரவழைத்தார். வெளிச்சம் கூடியது, குறைந்தது, நிறம் மாறியது. பந்து இரண்டாகவே ஓடியது. செல்லபாய் பொறுமையில்லாமல் கையை ஆட்டினாள். கடைசியில் ஓர் இடத்தில் அவர் கை நின்றது.

"இதுவாயிருக்கும். ஷைஜு சொன்னானே, படம் துடிக்காதுன்னு? அது எப்படின்னா, வாற படத்த இந்த டி.வி. அப்படியே காட்டாது. உள்ள பிடிச்சு வச்சு, ஒரே படத்த ரெண்டு தடவை காட்டும். அதுனாலதான் துடிப்பு தெரியாது. நிக்குற சாதனத்த ரெண்டு தடவை காட்டினாலும் ஒண்ணுதான். பந்து ஓடுதுல்லா? நம்ம கண்ணு பந்துக்கக் கூடவே ஓடுது. ரெண்டாவது தடவை காட்டும்போ கண்ணு முன்னால போயாச்சு, படத்துல பந்து பழைய எடத்துலயே நிக்குது. அதாக்கும் பொறத்தால ஒரு பந்து. பழைய பெட்டி, புது டி.வி. ஒண்ணுக்கொண்ணு பாஷை சேரல்ல."

"எந்தக் கண்ணால பாத்தாலும் அப்படித்தானா?" என்று தங்கையன் கேட்டார்.

"யாருக்கக் கண்ணால பாத்தாலும் அப்படித்தான்."

அந்த வாக்கியத்தை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும் போல இருந்தது தங்கையனுக்கு. கேட்கவில்லை.

சத்தியதாஸ் அந்த வித்தையை அணைத்தார். திரை லேசாகத் துடிக்கத் தொடங்கியது, பழைய டி.வி.யைப் போலவே. குமிழைத் தங்கையனிடம் நீட்டினார். தங்கையன் வாங்கவில்லை. "மொதல்ல அவ," என்றார்.

சரசம்மா பொத்தானை அழுத்தினாள். பந்து கிளம்பியது, ஒற்றையாக. செங்கல்லில் மோதித் திரும்பி வந்து மட்டையில் பட்டது. மறுபடியும் மேலே போனது. அவள் வரிசை வரிசையாக உடைத்துக்கொண்டே போனாள். கன்னத்தில் காய்ந்துபோன கண்ணீரோடு பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினாள். தங்கையனின் முறை வந்தபோது அவளுடைய எண்ணிக்கையில் பாதியைக்கூட அவரால் தொட முடியவில்லை. தோற்றதில் அவ்வளவு சந்தோஷப்பட்ட மனுஷனைத் தான் கண்டதேயில்லை என்று செல்லபாய் பிறகு சர்ச்சில் எல்லாரிடமும் சொன்னாள்.

அன்று சாயங்காலமே தங்கையன் ஜெயதாஸின் வீட்டுக்கு நடந்து போனார். வாசலில் நின்றபடியே சொன்னார்.

"அன்னைக்குச் சொன்னத ஆபீஸ்ல சொல்லிட்டியா?"

"இல்ல அண்ணா. நிங்க ஏதோ வெசனத்துல பேசுதியன்னு நெனச்சு விட்டுட்டேன்."

"விட்டது நல்லதாப் போச்சு. நான் வண்டி எடுக்கப் போறேன்."

ஜனவரியில் திருவனந்தபுரத்துக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள். சோதித்த டாக்டர் எழுத்துகளை வாசிக்கச் சொன்னார். பிறகு தலையை அசைக்காமல் தன்னுடைய பேனா முனையைக் கண்ணால் தொடரச் சொன்னார். பேனா இடது பக்கம் போனது, வலது பக்கம் வந்தது, மேலும் கீழும் போனது. தங்கையன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். முனை ஒன்றாகவே ஓடியது. "எல்லாம் சரி, வண்டி ஓட்டலாம்," என்று டாக்டர் மலையாளத்தில் சொன்னதும் தங்கையன் நடந்த கதை முழுவதையும் சொல்லிவிட்டார். டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். தானும் அந்த மாதிரி டி.வி. ஒன்று வாங்க நினைத்திருப்பதாகச் சொல்லி, கம்பெனிப் பெயரைக் கேட்டுக்கொண்டார்.

சரசம்மாவின் கண்ணையும் பார்க்கச் சொல்லி தங்கையன் பிடிவாதம் பிடித்தார். அவளுக்கும் குறை ஏதுமில்லை. கிட்டத்தில் வைத்து வாசிக்க மட்டும் ஒரு கண்ணாடி வேண்டும், இந்த வயதில் எல்லாருக்கும் வருவதுதான் என்றார்கள்.

நெய்யாற்றின்கரைக்கு வந்து அங்கிருந்து கள்ளிக்காடு பஸ்ஸில் ஏறினார்கள். வண்டி ஓட்டியது டிப்போவில் புதிதாகச் சேர்ந்த இளைஞன்; கண்டக்டரும் அன்று ஜெயதாஸ் அல்ல. சீட்டில் உட்கார்ந்த மாத்திரத்தில் தங்கையன் எப்போதும் போல ரோட்டைப் பார்த்தார், டிரைவர் கியர் மாற்றுவதைப் பார்த்தார், ஒரு தடவை உச்சுக் கொட்டினார். கொஞ்ச தூரம் போனதும் அவருடைய தலை மனைவியின் தோளில் சாய்ந்தது. துலாமழைக் காலத்திலிருந்து சரியாக உறங்காத மனுஷன். வாய் லேசாகத் திறந்திருந்தது. கண்ணாடி மூக்கின் நுனிக்கு இறங்கியிருந்தது. சரசம்மா அதைக் கழற்றித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆரியங்கோடு வந்தது. கண்டக்டர் மணியடித்து வண்டியை நிறுத்திவிட்டு இவர்களைப் பார்த்தார். சரசம்மா தலையசைத்து வேண்டாம் என்றாள். வண்டி கிளம்பிவிட்டது. ரப்பர் தோட்டங்களும் ஒற்றசேகரமங்கலம் கடைகளும் கடந்து போயின. ஏற்றத்தில் வண்டி முனகியது, வளைவில் ஆடியது. தங்கையன் விழிக்கவில்லை.

கள்ளிக்காட்டில் எல்லாரும் இறங்கியபோதுதான் திடுக்கிட்டு எழுந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு ஒரு கணம் எங்கே இருக்கிறோம் என்று புரியாமல் விழித்தார்.

"எடீ, நம்ம எறங்கல்லியா?"

"நிங்க நல்ல உறக்கம். எழுப்பத் தோணல்ல."

"நான் ஓட்டுற ரூட்டுல நானே எடம் தெரியாம உறங்கியிருக்கேன். ஜெயதாஸ் அறிஞ்சா நாடு முழுக்கச் சொல்லிருவான்."

"சொல்லட்டும்," என்றாள் சரசம்மா.

வண்டி திரும்பக் கிளம்ப நேரமிருந்தது. பக்கத்தில் இருந்த அணையிலிருந்து குளிர்ந்த காற்று வந்துகொண்டிருந்தது. எதிரே சாயாக் கடையில் பழம்பொரி அப்போதுதான் எண்ணெயிலிருந்து எடுத்து வைத்திருந்தார்கள். இருவரும் ரோட்டைத் தாண்டிப் போய் பெஞ்சில் உட்கார்ந்து ஆளுக்கொரு சாயா சொன்னார்கள்.